மீதி நான்கு நிமிடம் யாருக்கு?

தெருக்குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் வரும். தெருவில் 14 வீடு. சமமாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம்? நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 60-ஐ 14-ஆல் வகுத்து, ஈவு 4, மீதி 4 என்று எழுதி அடிக்கோடு போட்டு நோட்டை நீட்டுவார்கள். வழக்கமாகக் கணக்கு அங்கே முடிந்துவிடும். அடுத்து ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே மாறிவிடும்: அந்த மீதி நான்கு நிமிடம் யாருக்கு?

கேட்டுவிட்டு ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். இரண்டு நிமிடமாவது. பதில்கள் தானாக வரும். குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், குழாயடியைக் கழுவுவது அவர்கள்தான். கடைசி வீட்டுக்குக் கொடுக்கலாம், தூக்கிப்போகிற தூரம் அதிகம். ஆள் அதிகமுள்ள வீட்டுக்குக் கொடுக்கலாம். தினம் ஒரு வீடாக முறை வைத்துக்கொள்ளலாம். இந்த நாலும் நாலு கணக்கு. முறை வைத்தால் ஒரு வீட்டுக்கு 14 நாளைக்கு ஒருமுறை 8 நிமிடம். யாராவது ஒரு பிள்ளை நான்கு நிமிடத்தையும் உடைக்கலாம் என்று சொல்லும்: 240 விநாடியை 14-ஆல் வகுத்தால் 17, மீதி 2 விநாடி. மீதி இன்னும் போகவில்லை! அதைவிட முக்கியமாக, 17 விநாடியில் ஒரு குடத்தை எடுத்து இன்னொன்றை வைக்கவே சரியாக இருக்கும் என்பதைக் குழாயடிக்குப் போய்வந்த பிள்ளைதான் சொல்லும். நோட்டில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கு அது தோன்றாது.

கணக்குப் பாடத்துக்குள் சமூக நீதி பேசுவது என்றால் இதுதான். பாடம் முடிந்தபின் கடைசி ஐந்து நிமிடம் "எல்லாரும் சமம், பிள்ளைகளே" என்று சொல்வது வேறு. அது நீதிபோதனை வகுப்பு, அதற்குக் கணக்கு தேவையில்லை. கணக்கில் நியாயம் பேச வேண்டுமென்றால் அளவிலும் வகுத்தலிலும் மீதியிலும் இருந்துதான் அது வெளியே வர வேண்டும். கணக்கு தப்பாக இருந்தால் நியாயமும் தப்பாகத்தான் வரும்.

இது புதிய யோசனையும் இல்லை. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்குப் பிறகு வந்த மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூல், மீனவர்களின் படகிலும் மீனவப் பெண்கள் குழு வாங்கும் கடனிலும்தான் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது பெண்கள் சைக்கிள் கற்றதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே காலத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். லோடு எண்ணாமல், கூலி பிரிக்காமல் குவாரி நடத்த முடியாது. எழுத்தறிவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிலிருந்த எண்ணறிவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

குடத்திலிருந்து தொடங்குவது

முதன்முதலாகச் செய்துபார்ப்பவர்கள் தண்ணீரில் தொடங்குவது நல்லது. பொருள் செலவு இல்லை. எந்தப் பிள்ளையும் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அளவைகள், பெருக்கல், வகுத்தல், நேரம் என நாலு பாடம் ஒன்றாக நகரும்.

வேண்டியவை: இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாலைந்து, ஒரு புனல், ஒரு பேசின், கைநிறையப் புளியங்கொட்டை, சாக்பீஸ். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே கடையில் வாங்கியபோது தண்ணீர் நின்ற மட்டத்தில் முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரு குடத்துக்கு முக்கால் லிட்டர்வரை தப்பு வரும்.

ஒவ்வொரு பாட்டில் ஊற்றும்போதும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போட ஒரு பிள்ளை. வாயால் எண்ணினால் ஏழாவது பாட்டிலுக்குமேல் சண்டை வரும், "எட்டா, ஒன்பதா" என்று. கொட்டை பொய் சொல்லாது. இரண்டு குழு ஒரே குடத்தைத் தனித்தனியாக அளக்கட்டும். ஒரு குழு 14 என்றும் இன்னொன்று 15-க்கு மேல் என்றும் சொல்லும். உடனே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எங்கே சிந்தியது, யார் கோட்டுக்கு மேல் ஊற்றினார்கள், யார் குடத்தின் கழுத்தோடு நிறுத்தினார்கள், யார் வாய்வரை நிரப்பினார்கள் என்று அவர்களே தேடட்டும். கடைசியில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: எந்த அளவு நமக்கு வேண்டும், குடம் பிடிக்கிற அளவா, இடுப்பில் வைத்துச் சிந்தாமல் தூக்குகிற அளவா? தூக்குகிற அளவுதான் கணக்குக்கு உதவும். அந்த மட்டத்தில் சாக்பீஸ் கோடு. குடத்துக்குக் குடம் மாறும் என்பதால் உங்கள் குடத்தை அளந்தே எண்ணை எடுங்கள். இங்கே 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வெளியிலிருந்து ஒரு எண். கிராமப்புற வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் இலக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் எத்தனை நடை? 275-ஐ 15-ஆல் வகுத்தால் 18, மீதி 5. பாதி வகுப்பு 18 நடை என்று எழுதும். மீதி ஐந்து லிட்டரைக் கொண்டுவருவது யார்? 19 நடைதான். "நிறைகுடம் எத்தனை?" என்று கேட்டால் 18. "கடைசி நடையில் எவ்வளவு?" என்று கேட்டால் 5 லிட்டர். ஒரே வகுத்தல், மூன்று கேள்வி, மூன்று விடை. மீதி வகுத்தலை எத்தனை பக்கம் பயிற்சி கொடுத்தாலும் வராத தெளிவு இந்த ஒரு கணக்கில் வந்துவிடும்.

குழாய் வீட்டிலிருந்து 80 மீட்டர் என்றால் போகவர 160 மீட்டர். 19 நடைக்கு 3,040 மீட்டர், அதாவது 3 கிலோமீட்டர் 40 மீட்டர். அதில் பாதித்தூரம், 1,520 மீட்டர், குடத்தோடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் 15 கிலோ இடுப்பில். 80 மீட்டரை வகுப்பறையில் சொன்னால் புரியாது. மைதானத்தில் பத்து மீட்டர் கயிற்றை எட்டு முறை போட்டு நடக்கவிடுங்கள். குடத்தைத் தூக்கச் சொல்ல வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது அதிக எடை, சிலர் வீட்டில் ஏற்கெனவே தூக்குகிறார்கள். ஐந்து லிட்டர் வாளி போதும். தூக்குகிறவர்கள் பையன்களாகவும் இருக்கட்டும். இதைச் சொல்லாமல் விட்டால் வாளியை நோக்கித் தானாக எழுந்து போவது பெண்பிள்ளைகள்தான்.

தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், கற்ற அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். அவர்களுக்கு மூன்று தனிக் கணக்குப் போட வேண்டியதில்லை. குடம் ஒன்றுதான். அரும்புப் பிள்ளை கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கும். மொட்டு இரண்டு குடங்களின் வித்தியாசத்தைக் கழிக்கும். மலர் நடைக்கணக்கைப் போடும். ஆனால் கொட்டை எண்ணுவது எப்போதும் அதே பிள்ளைகளாக இருந்தால், நியாயம் பேசும் வகுப்பிலேயே ஒரு வரிசை உருவாகிவிடும். கேள்வி மாறும்போது பொறுப்பும் மாற வேண்டும்.

சம நேரம், சமத் தண்ணீர்

ஐந்தாம் வகுப்புக்கு இதைவிடக் கூர்மையான ஒன்று உண்டு. ஒரே குழாய்வரிசையில் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய், நடுத்தெருவில் ஒன்று, தெருக்கோடியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் குவளை நிரம்ப எத்தனை விநாடி என்று ஆசிரியரின் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் மூன்று தடவை. சராசரிப் பாடம் வராத வகுப்பென்றால் மூன்றில் நடு எண்ணை எடுத்தால் போதும்.

கணக்குச் சுலபமாக வரும்படி 5, 10, 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு 12, 6, 4 லிட்டர். மூன்று வீட்டுக்கும் எட்டெட்டு நிமிடம் கொடுத்தால் 96, 48, 32 லிட்டர். நேரம் சமம், தண்ணீர் சமமில்லை. சரி, தண்ணீரைச் சமமாக்குவோம், ஆளுக்கு 48 லிட்டர். நேரம் 4, 8, 12 நிமிடம். கூட்டினால் அதே 24 நிமிடம்தான். பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போகும், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள்.

அப்போது மொத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். சம நேரத்தில் 96, 48, 32 சேர்த்து 176 லிட்டர். சமத் தண்ணீரில் 144 தான். 32 லிட்டர் குறைந்துவிட்டது! வேகமாக வரும் குழாய்க்கு நேரத்தைக் குறைத்தோம், அதனால் மொத்தம் குறைந்தது. இப்போது எது நியாயம்? இதற்கு விடைக்குறிப்பு கிடையாது. ஆசிரியரும் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு பக்கமும் எண்ணை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். "பாவம், கடைசி வீடு" என்று தொடங்கிய பேச்சு "முன்வீட்டுக்காரருக்கு 48 குறையுது, ஆனா அவருக்கு 48 மிச்சம் இருக்கே" என்று வந்து நிற்கும்.

ஏன் கோடியில் வேகம் குறைகிறது என்று கேட்டால் காரணங்கள் வரும்: தூரம், மேடு, நடுவில் யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சுவது. மோட்டார் பேச்சு வரும்போது கவனம் வேண்டும். மோட்டார் வைத்த வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். "எந்த வீடு" என்று போகாமல் "முன்குழாயை மூடினால் பின்குழாயில் வேகம் கூடுமா, அளந்து பார்ப்போமா" என்று அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். அளந்தால் பெரும்பாலும் கூடவே செய்யும்.

முழமும் மரக்காலும்

மூன்றாம் வகுப்பில் திட்டமில்லா அளவைகள், திட்ட அளவைகள் என்று ஒரு பாடம் உண்டு. சாண், அடி, முழம் அளந்துவிட்டு "ஆகவே மீட்டர் தேவை" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். பூக்காரம்மாவின் முழத்தை வைத்து நடத்தினால் அந்த ஒரு வரிக்குப் பொருள் கிடைக்கும்.

பத்து அடி நூல் எடுத்து, ஆசிரியர் தன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம் அளந்து வெட்டட்டும். பெரியவர்களுக்கு 45 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஒரு பிள்ளை தன் முழத்தில் ஒன்று வெட்டட்டும். பக்கத்தில் பக்கமாகத் தரையில் வைத்தால் பத்துச் சென்டிமீட்டருக்குமேல் வித்தியாசம் தெரியும். ஒரு முழம் பூ இரண்டு பேரிடமும் ஒரே விலை. யாரிடம் வாங்கினால் லாபம்? யாருக்கு நட்டம்? கை நீளமானவர் விற்றால் அவருக்கு நட்டம், வாங்கினால் லாபம். பத்து முழத்துக்கு எவ்வளவு பூ கூடும்? அளக்கும் கோல் யாருடைய கையோ, அவரிடம் கொஞ்சம் அதிகாரமும் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

தானிய அளவையும் அப்படித்தான். படியில் கோபுரமாகக் குவித்து அளப்பது, தலைதட்டி அளப்பது இரண்டையும் ஒரு டம்ளரில் அரிசி வைத்துச் செய்துகாட்டலாம். குவித்த பத்து டம்ளரும் தலைதட்டிய பத்து டம்ளரும் எடையில் எவ்வளவு வித்தியாசம் என்று தராசில் போட்டுப் பார்த்தால் பிள்ளைகள் திகைப்பார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், ஆகவே கலத்துக்கு 96 படி. படியில் வரும் சின்ன வித்தியாசம் கலத்தில் 96 மடங்கு. 1940-களில் தஞ்சைப் பகுதிப் பண்ணையாட்கள் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானோர் தலைமையில் திரண்டபோது, கள்ள மரக்காலை ஒழித்து முத்திரை மரக்காலில் கூலி நெல் அளக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு வரலாறு போதும், அதற்குமேல் வேண்டாம். ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய எடைக்கல்லில் ஏன் முத்திரை இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் "அரசாங்கம் போடுகிறது" என்பதோடு நின்றுவிடக் கூடாது.

ரேஷன் கடைப் பலகை

ரேஷன் கடைக் கணக்கு பலரும் செய்வதுதான். விலைப்பட்டியல் எழுதி, கூட்டி, சில்லறை கொடுப்பதோடு விட்டுவிடுவார்கள். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25, சர்க்கரை இரண்டு கிலோ 50, ஆக 105. இதில் கணக்கு இருக்கிறது, கேள்வி இல்லை.

கேள்வி பங்கீட்டு விதியில் இருக்கிறது. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு விதமான விதி உண்டு. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை உள்ள குடும்பத்துக்கு, ஆள் எத்தனை பேராக இருந்தாலும், அட்டைக்கு 35 கிலோ. (தமிழ்நாட்டில் அட்டை வகையைப் பொறுத்து அளவு மாறும். உள்ளூர்க் கணக்குக்குக் கடைப் பலகையில் எழுதியிருப்பதை எடுங்கள்.) ஒன்றிலிருந்து பத்துப் பேர்வரை ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் 5, 10, 15 என்று ஏறும். இன்னொன்றில் 35, 35, 35. ஏழு பேரில் இரண்டும் சந்திக்கும். இரண்டு பேர் உள்ள வீட்டில் அட்டைக்கு 35 என்றால் ஆளுக்குப் பதினேழரை கிலோ. ஒன்பது பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நான்கு கிலோகூட இல்லை. எந்த விதி யாருக்கு நல்லது? வயதான இருவர் மட்டும் உள்ள வீடு, ஏழெட்டுப் பேர் உள்ள வீடு, இரண்டையும் படமாக வரைந்து பக்கத்தில் ஒட்டினால் அட்டவணை பேசத் தொடங்கும்.

சர்க்கரையிலும் இதே விளையாட்டு இருக்கிறது. ஆளுக்கு அரைக்கிலோ, அட்டைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கிடையாது. நாலு பேர்வரை ஆளுக்கு 500 கிராம். ஐந்து பேருக்கு 400. எட்டுப் பேருக்கு 250. உச்சவரம்பு என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை.

இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, "யார் வீட்டில் என்ன கார்டு?" என்று கை தூக்கச் சொல்வது. கூடவே கூடாது. கார்டு வகை வீட்டு வருமானத்தைச் சொல்லிவிடும், அடுத்த இடைவேளையில் அது கேலியாகிவிடும். கற்பனைக் குடும்பங்கள் ஐந்தாறு உருவாக்கி அட்டை செய்துகொடுத்தால் எல்லாருக்கும் எல்லாமும் கிடைக்கும். சாதி விவரத்தைத் தரவாக எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம், நல்ல நோக்கத்தோடுகூட. அப்பா என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதும் அதே பட்டியலில்தான் சேரும். கூலிக் கணக்கு வேண்டுமென்றால் பொதுவில் உள்ள எண்ணை எடுங்கள்: நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024–25-இல் அறிவித்த நாள்கூலி 319 ரூபாய், 2025–26-இல் 336. வித்தியாசம் 17. நூறு நாளைக்கு 1,700. ஒரு நாளைக்கு 17 ரூபாய் கூடினால் கடையில் எதை வாங்கலாம் என்று பிள்ளைகளே விலை விசாரித்து வரட்டும்.

முதலில் நம்மை அளப்பது

ஊரைப் பற்றிக் கணக்குப் போடுவதற்குமுன் வகுப்பறையை அளப்பது நேர்மை. ஒரு வாரத்துக்கு ஒரு வேலை அட்டவணை: கூட்டுவது, குடிநீர் எடுத்துவைப்பது, கோலம், மணி அடிப்பது, வருகைப் பதிவேடு கொண்டுபோவது, டீ டம்ளர் கழுவுவது, இறைவணக்கத்தில் முன்னால் நிற்பது. ஒவ்வொன்றும் நடக்கும்போது செய்த பிள்ளைக்கு நேர்கோட்டுக் குறி. சனிக்கிழமை எண்ணினால், பெருக்குமாறு ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமும் குவிந்திருப்பது தெரியும். பெயரை எழுதாமல் ஆண், பெண் என்று மட்டும் குறிப்பது போதும்.

எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. கூட்டியது பெண்பிள்ளைகள் 10 முறை, பையன்கள் 10 முறை என்று வந்தால் "சமம்" என்று முடித்துவிடுவார்கள். வகுப்பில் பெண்பிள்ளைகள் 10 பேர், பையன்கள் 20 பேர் என்றால்? சராசரியாக ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு முறை விழுந்திருக்கிறது. பையன்களில் குறைந்தது பாதிப் பேருக்கு ஒருமுறைகூட வரவில்லை. மொத்தம் வேறு, தலைக்கு எவ்வளவு என்பது வேறு என்பதற்கு இதைவிடச் சின்ன எண்ணில் கணக்குக் கிடைக்காது.

வேலையைப் பிரித்துக்கொடுத்தது யார் என்ற கேள்வி அடுத்து வரும். ஆசிரியர்தான். அந்த இடத்தில் சிரித்து மழுப்பினால், இத்தனை நாள் செய்த கணக்கெல்லாம் நாடகம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வார அட்டவணையை அவர்களையே போடச் சொல்வதுதான் வழி.

பிறகு நேரக் கணக்குக்குப் போகலாம். 24 கட்டம் கொண்ட ஒரு காகிதப் பட்டை, கட்டத்துக்கு ஒரு மணி. நாட்டளவில் எடுத்த 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97. 2024-இல் 289, 88. மணியாக மாற்றினால் முதல் வருடம் 4 மணி 59 நிமிடம், 1 மணி 37 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். ஏழால் பெருக்கினால் 1,414 நிமிடம், அதாவது 23 மணி 34 நிமிடம். வாரத்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள். 2024-இல் இரண்டு எண்ணும் குறைந்திருக்கின்றன, ஆனால் வித்தியாசம் 201. ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம் நகர்ந்திருக்கிறது. "குறைந்தது" என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் போதாது, எது குறைந்தது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த நாலு எண்ணே போதும்.

நேரத்தைக் கழிக்கும்போது வரும் பிழையை எதிர்பார்த்திருங்கள். 5 மணி 10 நிமிடத்திலிருந்து 1 மணி 37 நிமிடத்தைக் கழிக்கச் சொன்னால் 3 மணி 73 நிமிடம் என்று வரும். கடன் வாங்கும்போது 60-க்குப் பதில் 100 வாங்கிவிட்டார்கள். சரியான விடை 3 மணி 33 நிமிடம். எல்லாவற்றையும் முதலில் நிமிடமாக்கி (310-இல் 97 போக 213) பிறகு மணியாக்கினால் இந்தப் பிழை வராது. விவாதத்தின் சூட்டில் இதைத் திருத்தாமல் விட்டால் கணக்கு வகுப்பு கணக்கு வகுப்பாக இருக்காது.

வட்டிக் கணக்கு ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்துக்கு மட்டும், அதுவும் கற்பனைப் பெயரோடு. தண்டல் என்ற தினவசூல் கடனில் பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் திருப்பிக் கட்ட வேண்டும். "வட்டியே இல்லை, பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம்தான்" என்று சொல்வார்கள். எழுதிய தொகையிலிருந்து கையில் வந்ததைக் கழி என்ற ஒரே படி, அதில் 1,500 வெளியே வரும். அத்துடன் நிறுத்திவிடுங்கள், சதவீதத்துக்குப் போக வேண்டாம்.

அளந்தபின் எங்கே கொண்டுபோவது

அளந்துவிட்டு நோட்டை மூடினால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அதற்காகக் குழாயை யார் பழுதுபார்க்கவில்லை என்று பிள்ளைகளை அனுப்பிக் கேட்கவைப்பதும் தவறு, அடி அவர்கள்மேல் விழும். எண்ணைக் கொண்டுபோவது பெரியவர்களின் வேலை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 20 பேர் குழு என்றால் 15 பெற்றோர், 10 பெண்கள். இதையே ஒரு பின்னக் கணக்காகப் போட்டுவிட்டு, அந்தக் குழுவுக்கே அட்டவணையைக் கொடுக்கலாம். அவர்கள் வழியாகக் கிராம சபைக்கும் போகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எனத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குடக்கணக்குக்குப் பொருத்தம். பிப்ரவரி கடைசியில் அளக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

தாளில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், எந்தக் குழாய், ஒரு லிட்டருக்கு எத்தனை விநாடி (மூன்று அளவும்), எத்தனை வீட்டுக்கு அந்தக் குழாய். கருத்து ஒன்றும் வேண்டாம், "சரியாக வருவதில்லை" என்று எழுதினால் "வருகிறதே" என்று ஒரு பதில் வரும். 15 விநாடி, 14 விநாடி, 16 விநாடி என்று எழுதினால் மறுக்கிறவர் தானும் ஒரு குவளையோடு குழாயடிக்கு வந்துதான் ஆக வேண்டும். அடுத்த மாதம் அதே குவளையை எடுத்துக்கொண்டு, அதே நேரத்துக்கு, அதே குழாயில் மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். வேறு குவளை எடுத்தால் முதலிலிருந்து எல்லாம் அளக்க வேண்டியதுதான்.